குதிகாலுக்கு 30 விழுக்காடு, கொத்தனாருக்கு எவ்வளவு?

கேள்வி: வக்கீல் அக்காவுக்கு வணக்கம். எங்கள் ஊர் களியக்காவிளைப் பக்கம். என் வீட்டுக்காரருக்கு 40 வயது. இருபது வருஷமாகக் கொத்தவேலை. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கட்டுமானக் கம்பெனி கட்டுகிற வில்லாக்களில், எங்கள் ஊர் மேஸ்திரி ஒருவருக்குக் கீழே போய்க்கொண்டிருந்தார். நாளுக்கு 1,100 ரூபாய் கூலி. 2025 ஆகஸ்டில் மாடியின் வெளிச்சுவரைப் பூசும்போது சாரத்துப் பலகை புரண்டு கீழே விழுந்தார். வலது குதிகால் எலும்பு நொறுங்கி, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். 'வீட்டில் ஏணியிலிருந்து விழுந்தேன் என்று சொல்லு, இல்லாவிட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று மேஸ்திரி சொன்னதால், ஆஸ்பத்திரியில் அப்படியே எழுதிவிட்டார்கள். 90,000 ரூபாய் ஆஸ்பத்திரிச் செலவை மேஸ்திரிதான் கட்டினார். மருத்துவக் குழு 30 விழுக்காடு ஊனம் என்று சான்று கொடுத்திருக்கிறது. இப்போது மேலும் 50,000 தருவதாகவும், முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொல்கிறார். பெல்ட் போடாதது இவருடைய தப்பு, கேரளாவில் நடந்ததற்குக் கேரளாவில்தான் கேஸ் நடத்த வேண்டும் என்கிறார்கள். மேஸ்திரி இவருக்கு மச்சான் முறை. என்ன செய்யட்டும் அக்கா?

அன்புள்ள தங்கைக்கு,

கையெழுத்துப் போட வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம். இதை மட்டும் இன்றைக்கே வீட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். வேலையில் அடிபட்டவருக்கான இழப்பீடு 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. முன்பு தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் என்பார்கள். 2010 முதல் அதன் பெயர் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் விழுந்தது அதற்கு முன்னால். அதனால் அவருக்குப் பழைய சட்டத்தின் கணக்குத்தான்.

கூலி எவ்வளவு அதிகமாக இருந்தாலும் மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். 2020 ஜனவரியிலிருந்து அதுதான் உச்சவரம்பு. 1,100 ரூபாய் கூலிக்காரருக்கு இது குறைவுதான், அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இன்றைய நிலையில் மாற்ற முடியாது. 15,000இல் 60 விழுக்காடு 9,000. அதை வயதுக்கான காரணி ஒன்றால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அது 184.17. பெருக்கினால் 16,57,530 ரூபாய். இனி எந்த வேலையுமே செய்ய முடியாது என்ற நிலைக்கு உரிய முழுத்தொகை இது. வேலை செய்து சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்ததோ, இந்தத் தொகையில் அந்த விழுக்காடு கிடைக்கும்.

சான்றில் உள்ள 30 விழுக்காட்டையே எடுத்துக்கொண்டாலும் 4,97,259 ரூபாய் வருகிறது. இழப்பீடு கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 விழுக்காடு வட்டி. 4,97,259க்கு ஒரு வருஷ வட்டி மட்டும் 59,671 ரூபாய். அவர்கள் மொத்தமாகத் தருவதாகச் சொல்லும் 50,000 இந்த ஒரு வருஷ வட்டிக்கே காணாது.

'ஆஸ்பத்திரிக்கு 90,000 கட்டினேனே' என்று மேஸ்திரி சொல்வார். கட்டியது நல்ல காரியம், அதை மறுக்க வேண்டாம். ஆனால் சிகிச்சைக்குச் செலவழித்த பணம் இழப்பீட்டில் சேராது என்று சட்டமே தெளிவாகச் சொல்கிறது. சிகிச்சைச் செலவு தனி, இழப்பீடு தனி. நீங்கள் கைக்காசு போட்டு வாங்கிய மருந்து, கட்டு, ஊன்றுகோல் எல்லாவற்றுக்கும் பில் இருந்தால் அதையும் கேட்டு வாங்கலாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். அந்த 30 விழுக்காடு எதற்கு? காலுக்கு. மருத்துவக் குழு அளந்தது, ஒரு மனிதனின் கால் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை. சட்டம் கேட்பது வேறு கேள்வி: இந்த மனிதர் செய்துவந்த வேலையால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று? மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்குக் குதிகால் நொறுங்கினால், ஆறு மாதத்தில் பழையபடி மேசைக்குப் போய்விடுவார். கொத்தனாருக்கு அப்படியா?

உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் இதைத்தான் விசாரணையில் ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டி வரும். முதல் வரிக் கல் வைக்கும்போது கொத்தனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடியே நகர்கிறார். உடம்புப் பாரம் முழுவதும் பாதத்தில். சுவர் நெஞ்சுயரம் தாண்டினால் சாரம் ஏற வேண்டும். ஒரு கையால் கம்பைப் பிடித்து, மறுகையில் தூக்குக்குண்டோ மட்டப்பலகையோ வைத்துக்கொண்டு, சவுக்குக் கம்பின் உருண்டையில் உள்ளங்கால் பதித்து ஏறுவார்கள். மேலே இரண்டு பலகை அகலத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டும். பூச்சு வேலையென்றால் மணியாசுக் கட்டையை அழுத்தித் தேய்க்கும்போது கால் ஊன்றினால்தான் கைக்குப் பலம் வரும். கீழே இறங்கினால் ஜல்லிக் குவியல், உடைந்த கல், கம்பித் துண்டு. சமதளம் என்று ஒன்று கட்டட வேலையில் கிடையாது.

குதிகால் எலும்புக்கும் அதன் மேலே உட்கார்ந்திருக்கிற எலும்புக்கும் நடுவில் ஒரு மூட்டு இருக்கிறது. மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி பாதத்தை உள்ளும் புறமும் சாய்ப்பது அந்த மூட்டுதான். குதிகால் நொறுங்கும்போது பெரும்பாலும் அந்த மூட்டும் கெட்டு இறுகிப்போகிறது. சிமென்ட் தரையில் நடக்கிறவரைப் பார்த்தால் லேசான நொண்டல்தானே என்று தோன்றும். ஜல்லியிலும் சாரத்திலும்தான் அதன் கோலம் தெரியும். சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்ற சான்றை நீங்கள் வாங்க வேண்டியது எலும்பு டாக்டரிடம். ஆபரேஷன் செய்த டாக்டராக இருந்தால் ரொம்ப நல்லது.

டாக்டரிடம் போகும்போது வெறுமனே 'ஒரு சான்று தாருங்கள்' என்று கேட்காதீர்கள். அவர் என்ன வேலை செய்தார், எப்படி உட்கார்வார், எதில் ஏறுவார் என்று நான் மேலே எழுதியதை உங்கள் வாயால் சொல்லுங்கள். குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். சான்றில் இரண்டு விஷயம் வர வேண்டும்: இவர் கொத்தனார் என்பது, கொத்தவேலை செய்து சம்பாதிக்கும் திறன் இவ்வளவு விழுக்காடு நிரந்தரமாகப் போயிற்று என்பது. சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு என்பதுபோலச் சில காயங்களுக்கு முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். குதிகால் முறிவு அந்த அட்டவணையில் இல்லை. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு டாக்டரின் மதிப்பீடுதான் அடிப்படை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அது 60 விழுக்காடு என்று ஏற்கப்பட்டால் தொகை 9,94,518. இரண்டு வரி எழுத்தில் ஐந்து லட்சம் வித்தியாசம்.

1975இல் உச்ச நீதிமன்றம் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் சொன்னதை இந்த மாதிரி வழக்குகளில் நாங்கள் எல்லோரும் எடுத்துக் காட்டுவோம். ஒரு தச்சர் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டி வந்தது. ஒரு கைதானே போயிற்று, பகுதி ஊனம்தான் என்றது முதலாளி தரப்பு. ஒரு கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது, எனவே அவருக்கு இது முழு ஊனம் என்றது நீதிமன்றம். உங்கள் வீட்டுக்காரருக்கும் 100 விழுக்காடு கிடைத்துவிடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். கை போனதும் குதிகால் இறுகியதும் ஒன்றல்ல. வேறு ஏதாவது வேலை செய்யலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஆனால் 30இல் நின்றுவிட வேண்டியதில்லை.

எனக்கு இது புத்தக அறிவு மட்டுமல்ல. என் அப்பாவும் கொத்தனார். நான் ஒன்பதாவது படிக்கும்போது சன்ஷேடிலிருந்து விழுந்தார். அவருக்கும் குதிகால்தான். அப்போதைய மேஸ்திரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, சாயா குடித்து, ஒரு கவரைக் கொடுத்தார். அம்மா அடுப்படியிலிருந்து வருவதற்குள் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று கடைசிவரைக்கும் அப்பாவுக்குத் தெரியாது. பிறகு பாறசாலையில் லாட்டரிச் சீட்டு விற்றார். கரண்டியையும் ரசமட்டத்தையும் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருந்தார், விற்க மனசு வரவில்லை. காலை ஆறரைக்குக் களியக்காவிளையில் பஸ்ஸுக்கு நிற்கிற கொத்தனார்களின் பையில் கரண்டிப் பிடி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாக்குதான் ஞாபகம் வரும்.

அப்பாவின் காலத்தில் எங்களுக்குச் சொல்ல ஆளில்லாமல் போன விஷயம் இது: இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. சட்டத்தின் 17ஆம் பிரிவு. சமரசமாகத் தொகை பேசி முடித்தாலும், அந்த ஒப்பந்தத்தை, இந்த வழக்குகளை விசாரிக்கும் அதிகாரியான இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்தாக வேண்டும். தொகை போதாது என்று பட்டால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். 'செல்லாதென்றால் போட்டுவிட்டு 50,000ஐ வாங்கிக்கொள்ளலாமே' என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். அந்தத் தாளில் 'வீட்டில் விழுந்தேன்' என்று ஒரு வரி இருந்தால், பிறகு அதை மாற்ற நாம் படும் பாடு பெரிது.

அந்த வரி ஏற்கனவே ஆஸ்பத்திரிக் குறிப்பில் இருக்கிறதே என்று பயப்படுகிறீர்கள். பயம் நியாயம். எதிர்த்தரப்பு முதலில் காட்டப்போவது அதைத்தான். ஆனால் டாக்டர் விபத்தை நேரில் பார்த்தவரல்ல, சொன்னதை எழுதினார். யார் சொல்லச் சொன்னது, ஏன் அப்படிச் சொன்னார் என்பதை உங்கள் வீட்டுக்காரர் ஒளிவு மறைவில்லாமல் சாட்சி சொல்ல வேண்டும். அதற்குத் துணையாக, அன்று அவர் வேலை இடத்தில்தான் இருந்தார் என்று காட்டும் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். சனிக்கிழமைக் கூலி கூகுள் பேயில் வந்திருந்தால் அந்தப் பட்டியல். வேலை இடத்தில் எடுத்த படம், வாட்ஸ்அப்பில் மேஸ்திரி அனுப்பிய குரல் செய்தி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி யாருடையது, எங்கிருந்து புறப்பட்டது. கூட நின்ற கையாள், சித்தாள் இவர்களில் ஒருவராவது வந்து சொன்னால் பாதி பாரம் குறையும். ஒருவர் ஊரைவிட்டுப் போவதற்குள் பேசிவிடுங்கள். இன்னொன்று, வீட்டில் விழுந்தவனுக்கு மேஸ்திரி எதற்கு 90,000 கட்டினார்? இந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது. கட்டிய ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். போனை மாற்றிவிடாதீர்கள், எதையும் அழித்துவிடாதீர்கள்.

பெல்ட் விஷயம். இந்தச் சட்டத்தில் முதலாளியின் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதே இல்லை. வேலையின்போது, வேலையால் விபத்து நடந்தது என்றால் போதும். தொழிலாளி கொஞ்சம் அசட்டையாக இருந்தார் என்பதும் காரணமாகாது. குடிபோதையால் விழுந்தார், பாதுகாப்புக்காகத் தெளிவாக இட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறினார், கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றிப்போட்டார் என்று அவர்கள் நிரூபித்தால்தான் தப்பிக்க முடியும். ஆனால் பெல்ட் கொடுத்திருந்தார்களா? சாரத்தில் அதை மாட்டுவதற்குக் கயிறு இருந்ததா? கொடுக்காத பெல்ட்டைப் போடவில்லை என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது.

கேரளாவில் அலைய வேண்டுமே என்ற கவலையை விடுங்கள். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, மனு போடுகிறவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்திலும் மனுப் போடலாம். 21ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. நீங்கள் குமரி மாவட்டத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதற்கு ரேஷன் அட்டையும் ஆதாரும் போதும். இங்கே தமிழ்நாட்டில் இந்த அதிகாரம் உள்ள தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுப் போடலாம். அவர் கேரளாவில் அந்த இடத்துக்குரிய ஆணையருக்குத் தகவல் கொடுத்துவிட்டு விசாரிப்பார். எல்லையைத் தாண்டிக் கூலிக்குப் போகிற நம் ஆட்களில் பலருக்கு இது தெரிவதில்லை. 'அங்கே போய் மலையாளத்தில் யார் கேஸ் நடத்துவது' என்றே பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். உங்களுக்கு 2027 ஆகஸ்ட் கெடு. ஆனால் சாட்சிகளின் ஞாபகத்துக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது, அதனால் இந்த மாதமே தொடங்குங்கள். முதல் வேலையாக, எந்தத் தேதி, எந்த இடம், எப்படி விழுந்தார் என்று எழுதி மேஸ்திரிக்கும் கம்பெனிக்கும் டெலிவரி ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்.

மச்சான் முறை என்றீர்களே, அந்த வலிதான் கடிதம் முழுக்கத் தெரிகிறது. கல்யாணம், சாவு என்று நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய உறவு. அவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்: வில்லா கட்டி விற்பதையே தொழிலாகச் செய்கிற கம்பெனி, தன் வேலையின் ஒரு பகுதியை மேஸ்திரியிடம் ஒப்படைத்திருக்கிறது. அப்படியென்றால் மேஸ்திரியின் ஆளுக்கு அடிபட்டாலும், தன் சொந்தத் தொழிலாளிக்குப் போலவே கம்பெனி இழப்பீடு கொடுக்கக் கடமைப்பட்டது. 12ஆம் பிரிவு. மனுவில் இரண்டு பேரையும் சேர்ப்போம். கொடுத்த பணத்தைப் பிறகு மேஸ்திரியிடம் திரும்ப வாங்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட கம்பெனிகள் பல, தொழிலாளர் விபத்துக்கென்று இன்சூரன்ஸ் பாலிசி எடுத்து வைத்திருக்கும். ஒப்பந்தக்காரரின் ஆட்களும் அதில் அடங்குவார்கள் என்றிருந்தால், பணம் கட்டப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி. உங்கள் மச்சான் விபத்தை மறைத்ததால் அந்த வழியையும் தனக்கே அடைத்துக்கொள்கிறார். பாலிசி இருக்கிறதா என்று அவரையே கம்பெனியில் கேட்கச் சொல்லுங்கள். அவர் உண்மையைச் சொல்லிச் சாட்சிக்கு வந்தால் உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. தாமதத்துக்காக 50 விழுக்காடு வரை அபராதம் போட ஆணையருக்கு அதிகாரம் உண்டு. பாலிசி இருந்தாலும் அந்த அபராதத்தை முதலாளி தரப்பு தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். இழுக்க இழுக்க யாருக்கு நஷ்டம் என்று அவர் யோசிக்கட்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. தனக்குக் குடியிருக்க வீடு கட்டுகிற சாதாரண வீட்டுக்காரரை இந்த 12ஆம் பிரிவில் பிடிக்க முடியாது, ஏனென்றால் வீடு கட்டுவது அவருடைய தொழிலல்ல. அங்கே ஒப்பந்தக்காரர்தான் பொறுப்பு. வேலைக்குச் சேரும்போதே யாருடைய பொறுப்பில் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நிரந்தர ஊனம் இல்லாமல் இரண்டு மூன்று மாதம் மாவுக்கட்டோடு கிடந்தவர்களுக்கும் உரிமை உண்டு: அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதக் கூலியில் 25 விழுக்காடு, அதாவது பழைய சட்டத்தின் கணக்கில் 3,750 ரூபாய் வரை.

கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருந்தால் விபத்து உதவிக்கு அங்கே தனியாக மனுக் கொடுங்கள். அதையும் இதையும் குழப்ப வேண்டாம், வாரியம் கொடுப்பது முதலாளியின் கடனைத் தீர்க்காது. வக்கீல் செலவுக்குப் பணமில்லை என்றால், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பியுங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

முதலில் டாக்டரைப் பாருங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் தாள், எக்ஸ்ரே, ஸ்கேன் படம் எல்லாம் கையில் இருக்கட்டும். அவர் வேலையில் இருந்தபோது எடுத்த படம், சாரத்தில் நிற்பதாக ஒன்றிருந்தால் இன்னும் நல்லது, அதையும் எடுத்துப் போங்கள். டாக்டர் எழுதித் தந்ததும் அதை ஒரு நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் படித்துப் பார்த்துவிட்டு மனுவில் எத்தனை விழுக்காடு கேட்பது என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா